ஸ்டாண்டர்ட் 100 முத்திரை: வீட்டுத் துணி வாங்கும்போது எவ்வளவு நம்பலாம்?

படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை என்று எதை எடுத்தாலும் அட்டையின் ஓரத்தில் ஏதாவது ஒரு முத்திரை இருக்கிறது. அவற்றில் அதிகம் கண்ணில் படுவது ஓகோ-டெக்ஸ் அமைப்பின் ஸ்டாண்டர்ட் 100. இந்த மதிப்புரை அந்தச் சான்றைப் பற்றியது. ஒப்பிட வேண்டிய இடங்களில் காட்ஸ் (இயற்கை வேளாண்மை இழைத் துணிகளுக்கான சர்வதேசச் சான்று) முதலான மற்ற முத்திரைகளும் வரும். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: சோதனை உண்மையானது, வரம்புகள் கறாரானவை. ஆனால் முத்திரையின் படத்தை மட்டும் பார்த்து வாங்கினால் பாதிப் பயன்தான். மீதிப் பாதி, படத்துக்குக் கீழே இருக்கும் எண்ணிலும், அந்த எண்ணுக்குரிய வகுப்பிலும் இருக்கிறது.

1992-ல் ஜெர்மனியின் ஹோஹென்ஸ்டைன் ஆய்வு நிறுவனமும் ஆஸ்திரியாவின் துணி ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இதைத் தொடங்கின. அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் டெஸ்டெக்ஸ் சேர்ந்துகொண்டது. தலைமைச் செயலகம் சூரிச்சில் இருக்கிறது. இந்தச் சான்று கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தயாராகி வெளியே வந்த துணியில் உடம்புக்குக் கேடான பொருள் எவ்வளவு தங்கியிருக்கிறது? பருத்தி எந்த உரத்தில் விளைந்தது, சாயக் கழிவுநீர் எங்கே போனது, தைத்தவருக்குக் கூலி எவ்வளவு கிடைத்தது என்பதையெல்லாம் இது பார்ப்பதில்லை. இயற்கை வேளாண்மைப் பருத்திக்குக் கொடுப்பதைப் போலவே நூறு சதவீத பாலியஸ்டருக்கும் இந்தச் சான்றைக் கொடுப்பார்கள். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். கேள்வி குறுகியது என்பதால்தான் பதிலும் திட்டமாக இருக்கிறது.

வகுப்பு தெரியாமல் முத்திரை புரியாது

சான்றில் நான்கு வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பு, மூன்று வயது வரையிலான குழந்தைகளின் பொருட்களுக்கு. இரண்டாம் வகுப்பு, தோலோடு பெரும்பகுதி ஒட்டிக் கிடப்பவற்றுக்கு. விரிப்பு, தலையணை உறை, துண்டு இதில் வரும். மூன்றாம் வகுப்பு, கோட்டு, ஜாக்கெட் போலத் தோலில் நேரடியாகப் படாதவற்றுக்கு. நான்காம் வகுப்பு அலங்காரத் துணிகளுக்கு: திரைச்சீலை, மேசை விரிப்பு, சோபாத் துணி போன்றவை.

நான்குக்கும் முத்திரை ஒன்றுதான். வரம்புதான் வேறு. மூக்கையும் கண்ணையும் கரிக்கும் ரசாயனமான ஃபார்மால்டிஹைடை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்பில் அது கண்டறியும் அளவுக்குக்கூட இருக்கக் கூடாது. நடைமுறையில் கிலோவுக்கு 16 மில்லிகிராமுக்குக் கீழே. இரண்டாம் வகுப்பில் 75. மூன்றாம் வகுப்பில் 150. நான்காம் வகுப்பில் 300. துணி எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று சொல்லும் பி.எச். அளவும் அப்படித்தான். முதல் இரண்டு வகுப்புகளுக்கு 4.0 முதல் 7.5 வரை, அடுத்த இரண்டுக்கு 9.0 வரை விடுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் வருகிறது. திரைச்சீலைக்கென்று நான்காம் வகுப்பில் சான்று வாங்கிய துணியை ஒருவர் வெட்டி, தலையணை உறையாகத் தைத்து, "சான்று பெற்ற துணி" என்று விற்றால் வார்த்தை பொய்யில்லை. ஆனால் முகம் புதைத்துத் தூங்கும் உறையில், அதற்குரிய வரம்பைப் போல நான்கு மடங்கு ஃபார்மால்டிஹைடு இருக்க இடமுண்டு. சோபாத் துணி விஷயத்தில் அமைப்பின் விதியே கொஞ்சம் தளர்வாக இருப்பதாகத்தான் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் வெற்று முதுகோடு சாய்கிறோம், கைக்குழந்தையைக் கிடத்துகிறோம். அந்தப் பயன்பாட்டுக்கு நான்காம் வகுப்பு போதாது. குழந்தை உள்ள வீட்டில் சோபாவுக்கு மேலே போடும் விரிப்பையாவது முதல் அல்லது இரண்டாம் வகுப்பில் வாங்குவது சரி. முதல் வகுப்பில் தேறிய துணியை எந்த இடத்திலும் பயன்படுத்தலாம். வரம்பு அங்கேதான் மிகக் கடுமை.

ஃபார்மால்டிஹைடு எங்கிருந்து வருகிறது

சாயத்திலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுத் துணியில் அது பெரும்பாலும் வருவது "சுருக்கம் விழாது", "இஸ்திரி தேவையில்லை" என்று சொல்லும் ஃபினிஷிங்கில். பருத்தி நனைந்து காயும்போது அதன் இழைக்குள் இருக்கும் செல்லுலோஸ் சங்கிலிகள் இடம் மாறி அப்படியே நின்றுவிடுகின்றன; அதுதான் சுருக்கம். அதைத் தடுக்கத் துணியை ஒரு பிசின் கரைசலில் முக்கிப் பிழிந்து, காயவைத்து, 150 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் வேகவைப்பார்கள். பிசின் சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போட்டு இறுக்கிப் பிடிக்கும். இதற்கு வழக்கமாகப் பயன்படும் பிசின் வகை ஃபார்மால்டிஹைடைக் கொண்டு செய்யப்படுவது.

சூடு போதாவிட்டால் பாலம் போடாத பிசின் மிஞ்சும். வேகவைத்த பின் அலசாமல் நேரே மடித்து உறையில் போட்டாலும் மிஞ்சும். பிறகு அந்த உறை புழுக்கமான கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்கும்போது, வெப்பமும் ஈரமும் சேர்ந்து பிசினைச் சிறுகச் சிறுக உடைத்து ஃபார்மால்டிஹைடை வெளியே விடுகின்றன. புது விரிப்பு உறையைப் பிரித்ததும் மூக்கையும் கண்ணையும் கரிக்கும் நெடி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். நெடி இல்லை என்பதால் இல்லை என்றும் ஆகிவிடாது. குறைந்த அளவில் மூக்குக்கு எட்டாது.

ஆய்வகத்தில் இதை அளக்கும் முறையைப் பார்த்தால் எண்களின் அர்த்தம் விளங்கும். ஐ.எஸ்.ஓ. 14184-1 என்ற முறைப்படி ஒரு கிராம் துணியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, 100 மில்லி தண்ணீரில் போட்டு, 40 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். வியர்வையும் உடல் சூடும் துணியிலிருந்து எதை இழுக்குமோ, ஏறக்குறைய அதைத் தண்ணீர் இழுத்துக்கொள்ளும். வடிகட்டிய நீரில் அசிட்டைல்அசிட்டோன் கரைசலை அதே அளவு சேர்த்து மறுபடியும் 40 டிகிரியில் அரை மணி நேரம். ஃபார்மால்டிஹைடு இருந்தால் நீர் மஞ்சளாகும். அளவு கூடக் கூட மஞ்சள் அடர்த்தியாகும். அந்த மஞ்சளை 412 நானோமீட்டர் ஒளியில் கருவி படித்து எண்ணாகச் சொல்லும்.

ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் சட்டமும் தோலில் படும் துணிகளுக்கு 75 மில்லிகிராம் என்ற வரம்பை 2020 நவம்பர் முதல் வைத்திருக்கிறது. சீனாவின் ஜிபி 18401 விதியில் கைக்குழந்தைத் துணிக்கு 20, தோலில் படுவதற்கு 75, படாததற்கு 300. ஆக, இரண்டாம் வகுப்பின் 75 என்பது தனி அற்புதம் ஒன்றுமில்லை. ஸ்டாண்டர்ட் 100-இன் பலம், அந்த ஒற்றை எண்ணோடு நிற்காமல் கேடான பொருட்களின் நீண்ட பட்டியலை ஒரே சான்றுக்குள் சோதிப்பதில் இருக்கிறது. பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, அவகாசம் கொடுத்து, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவருகிறார்கள்.

சாயமும் காரமும்

பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றுவது சோடா ஆஷ் போட்ட காரக் குளியலில். அதற்கு முன் கொதிக்க வைத்து அழுக்கு எடுப்பதும் காஸ்டிக் சோடாவில்தான். கடைசியில் அசிட்டிக் அமிலம் விட்டுக் காரத்தை முறித்து நன்றாக அலச வேண்டும். தண்ணீரையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கப் பார்க்கும் பட்டறையில் முதலில் கைவைக்கப்படுவது இந்தக் கடைசி அலசல்தான். நம் தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உள்ளது. அதன்மேல் பி.எச். 9-ஐத் தாண்டிய துணி இரவு முழுக்கக் கிடந்தால், எக்ஸிமா உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அரிப்பு எடுக்க வேறு காரணமே வேண்டாம். இது மலிவாகச் சரிசெய்யக்கூடிய குற்றம் என்பதால், பி.எச். சோதனையில் தோற்கும் துணி என்றால் அந்தப் பட்டறையின் மற்ற வேலைகளையும் சந்தேகிக்கலாம்.

அசோ சாயம் பற்றி ஒரு தெளிவு தேவை. "அசோ இல்லாத துணி" என்று அட்டையில் போடுகிறார்கள். உலகில் பயன்படும் சாயங்களில் மிகப் பெரிய குடும்பம் அசோ. அதில் பெரும்பாலானவற்றால் இந்தத் தொல்லை இல்லை. தொல்லை, உடைந்தால் பென்சிடின் போன்ற புற்றுநோய் விளைவிக்கும் அமீன்களை விடும் சிலவற்றில்தான். ரீச் சட்டம் அப்படி 22 அமீன்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆய்வகம் துணியிலுள்ள சாயத்தை 70 டிகிரியில் சோடியம் டைதயோனைட் கொண்டு வேண்டுமென்றே உடைத்து, எந்த அமீன் வெளியே வருகிறது என்று பார்க்கும். வீட்டில் இதற்கு ஒரு சோதனையும் கிடையாது. எத்தனை முறை துவைத்தாலும் சாயம் இழையில் பிடித்தபடியே இருக்கும் என்பதால், சான்று உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது.

மைக்ரோஃபைபர் விரிப்புகளுக்கு இன்னொரு கவலை உண்டு. பாலியஸ்டருக்குப் போடுவது டிஸ்பர்ஸ் சாயம். அது இழையோடு ரசாயனப் பிணைப்பு இல்லாமல் உள்ளே கரைந்து உட்கார்ந்திருக்கும். சாயம் ஏற்றிய பின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் உபரியைச் சுத்தம் செய்யாமல் விட்டால், வியர்வையில் கழன்று தோலில் படியும். டிஸ்பர்ஸ் புளூ 106, 124 போன்றவை தோல் ஒவ்வாமைக்குப் பெயர்போனவை. ஸ்டாண்டர்ட் 100 அவற்றை அனுமதிப்பதில்லை. கருநீலம், கறுப்பு, அடர் பழுப்பு நிற மைக்ரோஃபைபர் விரிப்பைச் சான்று இல்லாமல் வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. வெளிர் நிறத்தில் சாயத்தின் அளவே குறைவு, ஆபத்தும் குறைவு.

ஒரு உறைக்குள் எத்தனை பொருள்

ரஜாய் உறை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். மேல்துணி, அடித்துணி, மேலே அச்சிட்ட பூ, தையல் நூல், ஓரத்து பைப்பிங், ஜிப்பின் நாடா, ஜிப்பின் பல், இழுக்கும் உலோகத் துண்டு, பட்டன், துவைக்கும் முறை அச்சிட்ட சின்ன லேபிள். முழுப் பொருளுக்கு ஸ்டாண்டர்ட் 100 கொடுப்பதென்றால் இவை ஒவ்வொன்றும் தேற வேண்டும். உலோக ஜிப்பில் நிக்கலும் ஈயமும், ரப்பர் போலத் தடிப்பாக இருக்கும் அச்சில் பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட்டும் தேடப்படும். மூக்கால் முகர்ந்து பார்க்கும் வாடைச் சோதனைகூட உண்டு. பூசணம், பெட்ரோல் வாடை அடித்தால் அதோடு சரி. இந்த முழுமை மெச்சத்தக்கது. சட்டப்படியான சோதனை அறிக்கை என்று விற்பனையாளர்கள் காட்டும் தாள்களில் பெரும்பாலும் துணி மட்டும்தான் இருக்கும்.

ஆனால் கோட்டை விடும் இடமும் இங்கேதான். சான்று வாங்கியது யார் என்று பாருங்கள். துணி ஆலை வாங்கியிருக்கும். தைத்தது வேறொரு யூனிட். அங்கே போட்ட நூலும் ஜிப்பும் எங்கிருந்து வந்தன என்பது சான்றுக்கு வெளியே. "ஸ்டாண்டர்ட் 100 சான்று பெற்ற துணியால் தயாரிக்கப்பட்டது" என்பதும் "இந்தப் பொருள் ஸ்டாண்டர்ட் 100 சான்று பெற்றது" என்பதும் ஒன்றல்ல. தலையணை, ரஜாய் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது: உறைத்துணிக்குச் சான்று இருக்கும், உள்ளே திணித்த ஃபைபருக்கு இருக்காது. விற்பனைப் பக்கத்தில் வாக்கியம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை வார்த்தை வார்த்தையாகப் படிக்க வேண்டும்.

எண்ணைச் சரிபார்ப்பது

முறையான முத்திரையில் சான்று எண்ணும், சோதித்த நிறுவனத்தின் பெயரும் கட்டாயம் இருக்கும். எண் இல்லாத முத்திரையை வெறும் படமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஓகோ-டெக்ஸ் இணையதளத்தில் லேபிள் செக் என்ற பகுதியில் எண்ணை இட்டால் சான்று நடப்பில் இருக்கிறதா, எந்தப் பொருளுக்கு, எந்த வகுப்பில் என்று தெரியும். ஒரு நிமிட வேலை. பார்க்க வேண்டியது நான்கு. சான்று காலாவதியாகிவிட்டதா? ஒவ்வொரு சான்றும் ஓராண்டுக்குத்தான். பொருள் விவரத்தில் நீங்கள் வாங்குவது அடங்குகிறதா? வெள்ளைத் துணிக்கு வாங்கிய சான்றை அச்சுப்போட்ட விரிப்புக்குக் காட்டுவது அடிக்கடி நடக்கிறது. வகுப்பு பொருந்துகிறதா? சான்று வைத்திருப்பவருக்கும் விற்பவருக்கும் என்ன தொடர்பு?

காலாவதி என்று வந்தால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். சான்று நடப்பில் இருந்தபோது தயாரித்த பழைய இருப்பாக இருக்கலாம். தயாரித்த தேதியையும் அதன் பிறகு புதுப்பித்த எண்ணையும் விற்பவரிடம் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளரிடம் சான்றின் நகல் கையிலேயே இருக்கும். "எங்கள் துணி எல்லாமே ஓகோ-டெக்ஸ் தரம்தான்" என்று மட்டும் பதில் வந்தால் விலகிவிடலாம். தரம் என்பதற்கும் சான்று என்பதற்கும் நடுவே ஓர் ஆய்வகமே இருக்கிறது.

சான்றின் இயல்பான பலவீனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சோதிக்கப்படுவது மாதிரிகள்தான். உற்பத்தியாளர் மாதிரியையும் ரசாயன விவரங்களையும் கொடுத்து, உற்பத்தி முழுக்க அப்படியே இருக்கும் என்று கையெழுத்திடுகிறார். அமைப்பு நேரில் சென்று பார்க்கிறது. கடைகளிலிருந்து பொருளை எடுத்தும் சோதிக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு சாய லாட்டும் ஆய்வகத்துக்குப் போவதில்லை. கிடங்கிலும் கப்பலிலும் என்ன தெளிக்கிறார்கள் என்பதும் சான்றுக்குப் பின்னால் நடப்பது. ஐரோப்பாவில் சோபாக்களோடு வைத்த பூசணத் தடுப்புப் பொட்டலங்களிலிருந்து டைமெத்தில் ஃபியூமரேட் கசிந்து பலருக்குத் தோல் புண்ணானது. 2009-ல் அந்தப் பொருளையே தடை செய்தார்கள். துணிக்கு நடுவே இருக்கும் பொட்டலம் எதுவென்று தெரியாவிட்டால் கையால் பிரிக்காமல் எறிந்துவிடுங்கள்.

காட்ஸும் மற்றவையும்

காட்ஸ் இதைவிடப் பெரிய வேலை செய்கிறது. இயற்கை வேளாண்மை இழையிலிருந்து தொடங்கி, நூற்பு, நெசவு, சாயம், தையல் என்று ஒவ்வொரு கட்டமும் சான்று பெற்றிருக்க வேண்டும். எந்த ரசாயனத்தைப் பயன்படுத்தலாம் என்பதை முன்கூட்டியே வடிகட்டுகிறது. கழிவுநீர் சுத்திகரிப்பையும் தொழிலாளர் நிலைமையையும் பார்க்கிறது. முத்திரையில் இரண்டு நிலை உண்டு. "ஆர்கானிக்" என்றால் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் இழை. "ஆர்கானிக் கொண்டு தயாரித்தது" என்றால் குறைந்தது 70 சதவீதம். முத்திரையோடு சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் காட்ஸின் பொதுத் தரவுத்தளத்தில் தேடலாம். குழந்தைக்கான விரிப்புக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் முறையான காட்ஸே மேல். ஆனால் பாலியஸ்டர் திரைச்சீலைக்கோ, படலம் ஒட்டிய மெத்தைப் பாதுகாப்பு உறைக்கோ அது பெரும்பாலும் பொருந்தாது; அங்கே ஸ்டாண்டர்ட் 100-தான் துணை.

இரண்டுக்கும் நடுவே மேட் இன் கிரீன் என்ற ஓகோ-டெக்ஸின் இன்னொரு முத்திரை இருக்கிறது. அதற்குத் துணியும் தேற வேண்டும், தயாரித்த ஆலையும் தேற வேண்டும். முத்திரையிலுள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் எங்கெங்கே தயாரானது என்று காட்டும்.

ஓசிஎஸ் முத்திரையைக் காட்ஸ் என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். அது ஆர்கானிக் இழை எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அந்த இழைக்கு என்ன சாயம் போட்டார்கள் என்பது அதன் கணக்கில் வராது. ஜிஆர்எஸ் மறுசுழற்சி இழைக்கு. பெட்டர் காட்டன் விளைச்சலுக்கு. சர்ட்டிப்பூர் நுரைப்பஞ்சுக்கு மட்டும். மெத்தையின் மேல்துணிக்கு இல்லை. ஐ.எஸ்.ஓ. 9001 என்று விரிப்பின் அட்டையில் போட்டிருந்தால், அது நிர்வாக முறைக்கான சான்று. விரிப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

"ஹைப்போஅலர்ஜெனிக்", "கெமிக்கல் இல்லாதது", "தோலுக்கு உகந்தது" ஆகியவற்றுக்குப் பின்னால் பொதுவாக ஏற்ற அளவுகோல் எதுவும் கிடையாது. நூல் எண்ணிக்கை நெசவின் அடர்த்தியைச் சொல்லும்; பாதுகாப்பைச் சொல்லாது. "கிருமி எதிர்ப்பு" என்று வந்தால் கூடுதல் கவனம் தேவை. துணியில் உயிர்க்கொல்லி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அது ஓகோ-டெக்ஸ் ஏற்றுக்கொண்ட பொருளா என்று கேளுங்கள். கேட்டும் பெயர் சொல்லாவிட்டால் அந்த வசதி இல்லாத துண்டே நல்லது. காயப்போட்டால் தீரும் பிரச்சினைக்கு ரசாயனம் எதற்கு?

தீ பற்றியும் ஒரு வார்த்தை. இந்த முத்திரைகளில் எதுவும் திரைச்சீலை தீப்பிடிக்காது என்று சொல்லவில்லை. தீத்தடுப்புக்குத் தனித் தரங்கள் உண்டு: பிரிட்டனில் பிஎஸ் 5867, அமெரிக்காவில் என்எஃப்பிஏ 701. அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கும் சீலைக்குத் தீத்தடுப்புத் தரம், ரசாயனச் சான்று இரண்டும் வேண்டும். தீத்தடுப்பு ரசாயனம் போட்ட துணியிலும் ஸ்டாண்டர்ட் 100, தான் ஏற்றுக்கொண்டவற்றை மட்டுமே அனுமதிக்கிறது என்பதால், தீத்தடுப்புச் சீலை வாங்கும்போது இந்த முத்திரைக்கு மதிப்பு கூடுகிறது.

அதிக கவனம் தேவைப்படும் பொருள்

வீட்டுத் துணிகளில் சான்று இல்லாமல் வாங்கவே கூடாத ஒன்றைச் சொல்லச் சொன்னால், நீர் புகாத மெத்தைப் பாதுகாப்பு உறையைத்தான் சொல்ல வேண்டும். குழந்தையின் படுக்கைக்கும், படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களின் படுக்கைக்கும் பெரும்பாலும் போடுவது அது. மேலே துண்டுத்துணி, அடியில் பிளாஸ்டிக் படலம். படலம் இரண்டு வகை. பாலியூரித்தேன் மெல்லியது, மடித்தால் சத்தமில்லாமல் மடியும், லேசாகக் காற்று விடும். பிவிசி கனமானது, மொரமொரவென்று சத்தம் போடும், புது ஷவர் திரையின் வாடை அடிக்கும். பிவிசியை வளையச் செய்யத்தான் தாலேட் சேர்க்கிறார்கள். டிஇஹெச்பி உள்ளிட்ட நான்கு தாலேட்டுகளுக்கு ஐரோப்பாவில் 0.1 சதவீதம்தான் வரம்பு. தாலேட் பிளாஸ்டிக்கோடு பிணைந்து நிற்பதில்லை. சூட்டில் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். துவைத்துப் போக்கவும் முடியாது. பாலியூரித்தேன் படலம், முழுப் பொருளுக்கும் முதல் அல்லது இரண்டாம் வகுப்புச் சான்று. இரண்டும் இருந்தால் வாங்குங்கள்.

கறை ஒட்டாத மேசை விரிப்பு, சோபாத் துணி இரண்டாவது. தண்ணீர் உருண்டோடும் அந்தப் பூச்சு, பல இடங்களில் ஃப்ளோரின் சேர்ந்த பிஃபாஸ் வகை. இயற்கையில் சிதையாது. ஓகோ-டெக்ஸ் 2023-ல் தன் சான்றுகளில் பிஃபாஸ் பயன்பாட்டுக்கே பொதுத் தடை கொண்டுவந்தது. அதற்கு முந்தைய சான்று எண்ணோடு விற்கும் "கறை ஒட்டாத" துணியைத் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் துவையல் சான்றுக்கு மாற்றாகாது, ஆனால் கட்டாயம் செய்ய வேண்டியது. தளர்ந்த ஃபார்மால்டிஹைடு, மிஞ்சிய காரம், உபரிச் சாயம், நெசவில் போட்ட கஞ்சி ஆகியவை துவைத்தால் குறையும். கேடான அமீன் விடும் சாயம், உலோகங்கள், தாலேட், பிஃபாஸ் ஆகியவற்றைத் துவையல் தீர்க்காது.

உறையைப் பிரித்து விரிப்பைச் சில மணி நேரம் காற்றாட விடுங்கள். லேபிளில் அனுமதித்த உச்ச வெப்பத்தில், தனியாக, வழக்கமான அளவில் பாதி டிடர்ஜென்ட் போட்டுத் துவைத்து, இரண்டு முறை அலசுங்கள். துண்டுக்கு சாஃப்ட்னர் போடாதீர்கள். அது நூல் வளையங்களின் மேல் படலமாகப் படிந்து நீர் உறிஞ்சுவதைக் கெடுக்கும். இரண்டாவது அலசலிலும் தண்ணீர் நிறமாக வந்தால் இன்னொரு முறை.

சாயம் நிற்கிறதா என்று பார்க்க ஆய்வகத்தின் உரசல் சோதனையை வீட்டு அளவில் செய்யலாம். அங்கே வெள்ளைப் பருத்தித் துணியை ஒரு விரல் கருவியில் மாட்டி, 9 நியூட்டன் அழுத்தத்தில் பத்து முறை முன்னும் பின்னும் தேய்த்து, படிந்த கறையை 1 முதல் 5 வரையிலான சாம்பல் அளவுகோலில் வைத்துப் பார்ப்பார்கள். 5 என்றால் கறையே இல்லை. வீட்டில் வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, ஆள்காட்டி விரலில் சுற்றி, விரிப்பின் அடர் நிறப் பகுதியில் அதே போலப் பத்து முறை தேய்த்து வெயிலில் பாருங்கள். லேசான சாயல் படிந்தால் இன்னும் இரண்டு துவையலில் சரியாகும். நிறம் பளிச்சென்று படிந்தால், அதுவும் விரிப்பு மைக்ரோஃபைபராக இருந்தால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். அதற்காகவே அட்டையையும் அதிலுள்ள சான்று எண்ணையும் துவைக்கும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொருள் கைக்கு வந்து உறையோடு அட்டையும் குப்பைக்குப் போன பிறகு அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது கடினம்.